முனை மாறினால் எது ஓடும், எது ஓடாது: பழைய டாக், இயர்போன், கேபிள் வைத்திருப்பவர்களுக்கு

நோக்கியா போன்களின் சார்ஜர் முனை ஒரு காலத்தில் 3.5 மில்லிமீட்டர் தடிமனில் இருந்தது. பிறகு 2 மில்லிமீட்டராக மெலிந்தது. பழைய சார்ஜர் வைத்திருந்தவர்களுக்காக சிஏ-44 என்ற குட்டி அடாப்டர் வந்தது. ஒரு பக்கம் தடித்த துளை, மறுபக்கம் மெல்லிய முனை, நடுவில் இரண்டே கம்பிகள். மாட்டினால் சார்ஜ் ஏறியது. வேறு சிக்கல் எதுவும் வரவில்லை.

"ஒரு அடாப்டர் வாங்கிப் போட்டால் போதும்" என்று இன்றும் நாம் சொல்வது அந்தக் காலத்துப் பழக்கம். அன்று துளை வழியே போனது மின்சாரம் மட்டும். அதன்பின் வந்த கனெக்டர்களில் ஒலி, படம், டேட்டா, கட்டளை, அடையாளம் எல்லாம் ஒரே துளைக்குள் நெருக்கிக்கொண்டு போயின. அதனால்தான் இப்போது அடாப்டர் கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் சத்தம் வருவதில்லை. சத்தம் வந்தால் சார்ஜ் ஏறுவதில்லை. இரண்டும் சரியாக இருந்தால் ரிமோட் பட்டன் வேலை செய்வதில்லை.

புதிய போன் வாங்கியபின் பழைய சாமானைத் தூக்கிப் போடுவதற்கும், கண்ணில் பட்ட அடாப்டரை வாங்குவதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: என் கருவி போனிடமிருந்து எதை வாங்கிக்கொண்டிருந்தது? விடை தெரிந்தால் என்ன வாங்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

30 பின் டாக்குகள்

இந்தக் கேள்வியின் அருமை அதிகம் தெரிவது ஆப்பிளின் அகன்ற 30 பின் கனெக்டரில்தான். 2003இல் மூன்றாம் தலைமுறை ஐபாடோடு வந்தது, ஐபோன்களில் 2011இல் வெளியான 4எஸ் வரை நீடித்தது. இத்தனை ஆண்டுகளில் மேலே போனை உட்காரவைத்துப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் டாக், கடிகார ரேடியோ, கார் கிட் என்று அதை நம்பி வந்த சாமான்கள் கணக்கில்லை. அவற்றில் பலவற்றின் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபையரும் இன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. செத்துப்போனது நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முனை மட்டும்தான்.

அந்த 30 தொடுமுனைகளில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். இடது, வலது அனலாக் ஒலி. அனலாக் வீடியோ. யுஎஸ்பி டேட்டாவும் அதன் 5 வோல்ட்டும். யுஎஸ்பி போலவே கணினியோடு இணைக்கும் இன்னொரு முறையான ஃபயர்வயரின் டேட்டாவும் அதன் 12 வோல்ட்டும். டாக்கின் ரிமோட் கட்டளைகளை ஐபாடுக்குக் கொண்டுபோகும் சீரியல் கம்பிகள். டாக் எந்த வகை என்று சொல்ல ஒரு ரெசிஸ்டர். ஒலி அலையாகவே வெளியே வந்ததால் டாக்குக்குள் ஆம்ப்ளிஃபையர் மட்டும் இருந்தால் போதும், டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சிப் தேவைப்படவில்லை.

முதல் அடி கனெக்டர் மாறுவதற்கு முன்பே விழுந்தது. தொடக்ககால டாக்குகள் பல, ஃபயர்வயரின் 12 வோல்ட் வழியாகத்தான் சார்ஜ் செய்தன. 2008இல் வந்த ஐபோன் 3ஜி முதல் அந்த 12 வோல்ட்டை ஏற்கும் வசதி நீக்கப்பட்டது. முனை அதேதான், துளையும் அதேதான். பாட்டு ஓடியது, சார்ஜ் மட்டும் ஏறவில்லை. டாக் பழுது என்று நினைத்துப் பலர் ஒதுக்கிவைத்தார்கள். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் மல்டிமீட்டரால் பார்த்துவிடலாம்: 19, 20ஆம் பின்களில் 12 வோல்ட் வந்து, 23ஆம் பின்னில் 5 வோல்ட் இல்லையென்றால் அது ஃபயர்வயர் டாக். பின்களின் எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்று உறுதி செய்துகொண்டு அளவிடுங்கள். அருகருகே உள்ள பின்களை மீட்டர் முனை ஒன்றாகத் தொட்டுவிட்டால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும்.

இரண்டாவது அடி 2012. ஐபோன் 5உடன் லைட்னிங் வந்தது. எட்டே தொடுமுனைகள், எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏற்கும், ஆனால் முழுக்க டிஜிட்டல். அனலாக் ஒலி அந்தத் துளையிலிருந்து வருவதே இல்லை. அதனால் 30 பின்னுக்கு லைட்னிங் அடாப்டர் என்பது சிஏ-44 போல வெறும் கம்பியாக இருக்க முடியாது. அதற்குள் டிஜிட்டலை அலையாக மாற்றும் டிஏசி சிப் இருந்தாக வேண்டும். ஆப்பிளின் சொந்த அடாப்டரில் அது இருந்தது, ஆகவே ஒலி வந்தது. வீடியோ வரவில்லை. சந்தையில் குவிந்த மலிவான நகல்களில் பல, மின்சாரக் கம்பிகளையும் யுஎஸ்பி கம்பிகளையும் மட்டுமே இணைத்தன. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. டாக்கில் வைத்தால் சார்ஜ் ஏறும், பாட்டு போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே ஓடும். அப்படி நடந்தால் அடாப்டருக்குள் டிஏசி இல்லை என்று அர்த்தம். டாக்கில் பழுது தேட வேண்டாம்.

டைப்-சி போனை 30 பின் டாக்கில் உட்காரவைக்க இரண்டு அடாப்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒலி வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. அதைவிட, போனின் முழு எடையும் நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் நின்று நெம்புகோல் போல வேலை செய்யும். ஒருமுறை கை பட்டால் முறிவது அடாப்டராக இருந்தால் தப்பித்தோம், போனின் துளையாக இருந்தால் செலவு பெரிது.

நல்ல வழி எளிமையானது. டாக்கின் பின்புறம் பாருங்கள். ஆக்ஸ் என்று 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா? பெரும்பாலான டாக்குகளில் இருக்கும். அதில் ஒரு ப்ளூடூத் ரிசீவரைச் செருகினால் இனி எந்தக் கனெக்டர் வந்தாலும் போனாலும் அந்த ஸ்பீக்கருக்குக் கவலையில்லை. ரிசீவருக்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். அதை டாக்கின் பவர் அடாப்டரிலிருந்தே பிரித்துக் கொடுத்தால் பல நேரம் உஸ்ஸென்றோ கீச்சென்றோ ஒரு இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வரும். ரிசீவரும் ஆம்ப்ளிஃபையரும் ஒரே கிரவுண்டை, அதாவது மின்சாரம் திரும்பும் பொதுக் கம்பியை, இரண்டு வழிகளில் பகிர்வதால் வரும் சுழற்சி அது. ரிசீவருக்குத் தனி சார்ஜர் கொடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் ஆக்ஸ் கம்பியின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்றைச் சேருங்கள். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், மின்சாரம் தேவையில்லை.

30 பின் முனையிலேயே நேராகச் செருகும் ப்ளூடூத் ரிசீவர்களும் உண்டு. பார்க்க அழகு. ஆனால் அவை பெரும்பாலும் 5 வோல்ட்டை எதிர்பார்ப்பவை, 12 வோல்ட் மட்டும் தரும் டாக்கில் உயிர்பெறா. சில டாக்குகள் எதிரே இருப்பது ஐபாடுதான் என்று சீரியல் கம்பி வழியாக உறுதி செய்த பிறகே ஆம்ப்ளிஃபையரைத் திறக்கும். அவற்றில் ரிசீவரின் விளக்கு எரியும், சத்தம் வராது. ஆக்ஸ் துளை இருக்கும்போது இந்த வழிக்குப் போகாதீர்கள்.

ஒலி அளவு பற்றி ஒரு சொல். 30 பின்னில் வந்தது லைன் அவுட், அதாவது போனின் வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் மாறாத அளவு. ப்ளூடூத் ரிசீவர், போனின் துளையில் செருகி 3.5 மில்லிமீட்டர் ஜாக் தரும் டாங்கிள் போன்றவை போனின் வால்யூமைப் பின்பற்றுபவை. டாக் திடீரென்று மெதுவாகப் பாடுவதாகத் தோன்றினால் போனின் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துவிட்டு டாக்கின் குமிழால் சரிசெய்யுங்கள்.

3.5 மில்லிமீட்டர் இயர்போன்

2016இல் ஐபோன் 7இல் ஹெட்போன் ஜாக் நீக்கப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆண்ட்ராய்டின் விலை உயர்ந்த மாடல்களும் அதே வழியில் போயின. இழப்பு பெரிது, ஆனால் இதில் தீர்வு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, சரியான டாங்கிளை எடுத்தால்.

டைப்-சியிலிருந்து 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் டாங்கிள்களில் இரண்டு சாதிகள். ஒன்றில் வெறும் கம்பி மட்டும் இருக்கும். போனே அனலாக் ஒலியை டைப்-சி துளை வழியே அனுப்பினால்தான் இது பாடும். அப்படி அனுப்பிய போன்கள் சில இருந்தன, இப்போது அரிது. மற்றதில் டிஏசி சிப் இருக்கும், போனிடமிருந்து டிஜிட்டலாக வாங்கித் தானே ஒலியாக மாற்றும். இரண்டாவதை வாங்குங்கள். கையில் இருப்பது எது என்று தெரியவில்லையா? மடிக்கணினியின் டைப்-சி துளையில் செருகி, இயர்போனையும் மாட்டி, ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். புதிய ஒலிக்கருவி என்று பட்டியலில் ஒன்று தோன்றினால் உள்ளே டிஏசி உண்டு. எதுவும் தோன்றாவிட்டால் வெறும் கம்பி.

ஆப்பிளின் டைப்-சி டாங்கிளிலும் டிஏசி உண்டு, தரமும் நல்லது. ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அதன் சத்தம் குறைவாக வரும். டாங்கிளுக்குள் இருக்கும் வால்யூம் அளவை ஆண்ட்ராய்டு முழுதாக ஏற்றாததே காரணம்.

இனி மைக். மைக் உள்ள இயர்போனின் நான்கு தொடுமுனை ஜாக்கில் இரண்டு வயரிங் முறைகள் இருந்தன. இரண்டிலும் நுனி இடது ஒலி, அடுத்தது வலது ஒலி. மிச்ச இரண்டில்தான் சண்டை. சிடிஐஏ முறையில் மூன்றாவது கிரவுண்ட், கடைசி மைக். ஓஎம்டிபி முறையில் அவை இடம் மாறியிருக்கும். பழைய நோக்கியா போன்களோடு வந்த இயர்போன்களில் பல ஓஎம்டிபி வகை. இன்றைய போன்களும் டாங்கிள்களும் சிடிஐஏ. மாற்றிச் செருகினால் வரும் அறிகுறி தனித்துவமானது: இசை கேட்கும், பாடகரின் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் போய்விடும். கிரவுண்ட் அறுந்துபோவதால் இரண்டு காதுகளும் தொடராக இணைந்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஒலிக்கிறது. குரல் இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருக்குமல்லவா, அது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். உறுதி செய்ய மைக் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் நோய் அதுதான். அந்த பட்டன் மைக்கையும் கிரவுண்டையும் ஒன்றாக்குவதால் தற்காலிகமாகச் சரியாகிறது. ஓஎம்டிபியிலிருந்து சிடிஐஏவுக்கு மாற்றும் குட்டி இணைப்பு கிடைக்கிறது, அது போதும். இயர்போனைத் தூக்கிப்போட வேண்டாம்.

பட்டன்களின் கதை வேறு. ஆண்ட்ராய்டு இயர்போனில் ஒவ்வொரு பட்டனும் மைக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு மின்தடையைச் சேர்க்கிறது. நடு பட்டன் 0 ஓம், சத்தம் கூட்ட 240 ஓம், குறைக்க 470 ஓம். ஐபோனுக்கென்று செய்த இயர்போனில் சத்தம் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு சிப் இருக்கிறது, அது காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணில் சமிக்ஞை அனுப்புகிறது. ஒன்று மற்றொன்றின் மொழியைப் புரிந்துகொள்ளாது. நடு பட்டன் மட்டும் இரண்டிலும் ஒன்றே, அதனால் அது மட்டும் எங்கும் வேலை செய்யும். இதை எந்த அடாப்டரும் சரிசெய்வதில்லை.

கேமராவுக்கு வாங்கிய சட்டை மைக் வைத்திருப்பவர்கள் முனையில் உள்ள கறுப்புக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். கறுப்புக் கோடு இரண்டு இருந்தால் அது மூன்று தொடுமுனை, கேமராவுக்கானது. போனுக்கு மூன்று கோடுகள் உள்ள நான்கு தொடுமுனை வேண்டும். இடையில் மூன்றுக்கு நான்கு மாற்றி இல்லாமல் டாங்கிளில் செருகினால் போன் தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும், வீட்டுக்கு வந்து கேட்கும்போதுதான் தெரியும். டாங்கிளில் மைக் உள்ளீடு இருக்கிறதா என்பதையும் பெட்டியில் பாருங்கள். வெளியே ஒலி தருவது மட்டுமே செய்யும் டாங்கிள்கள் நிறைய.

மைக்ரோவிலிருந்து டைப்-சிக்கு

2009இல் ஐரோப்பிய ஆணையத்தின் முயற்சியால் போன் நிறுவனங்கள் பொதுச் சார்ஜருக்கு உடன்பட்டன, மைக்ரோ யுஎஸ்பி பொது முனையானது. அந்த உடன்பாடு கட்டாயம் இல்லாதது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே இயற்றியது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கப்படும் புதிய போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன், கையடக்க ஸ்பீக்கர், மின்நூல் கருவி ஆகியவை கம்பி வழியாகச் சார்ஜ் ஆவதாக இருந்தால் டைப்-சி இருக்க வேண்டும். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28. ஆப்பிள் 2023இல் ஐபோன் 15இல் டைப்-சிக்கு மாறிவிட்டது. ஆக இப்போது நடப்பது நெடுநாள் நிற்கப்போகும் மாற்றம். பழைய சாமானுக்கு ஒருமுறை சரியான பாலம் போட்டுவிட்டால் சில ஆண்டுகளுக்கு நிம்மதி.

ஆனால் டைப்-சி என்பது ஒரு வடிவத்தின் பெயர் மட்டுமே. உள்ளே ஓடுவது கேபிளுக்குக் கேபிள் மாறும்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: சின்ன டார்ச், மேசை விசிறி, இயர்பட் பெட்டி, ஷேவர் எதுவோ ஒன்றில் டைப்-சி துளை இருக்கிறது. கூட வந்த கேபிளில், அதாவது ஒரு முனை பழைய செவ்வக டைப்-ஏ, மறுமுனை டைப்-சி உள்ளதில், சார்ஜ் ஆகிறது. புதிய போனின் சார்ஜரில், இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் மாட்டினால் உயிரே இல்லை. சார்ஜர் பழுதில்லை, கேபிளும் பழுதில்லை. டைப்-ஏ துளையில் எப்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். டைப்-சி சார்ஜரோ எதிரே ஒரு கருவி இருக்கிறது என்று தெரியும்வரை மின்சாரத்தைத் திறக்காது. தெரிந்துகொள்வது சிசி என்ற இரண்டு தொடுமுனைகள் வழியாக. கருவிக்குள் அந்த ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். அற்பமான அந்த இரண்டு உதிரிகளைத் தயாரிப்பாளர் விட்டுவிட்டால் சார்ஜர் காத்துக்கொண்டே இருக்கும்.

தீர்வு, அந்தக் கருவிக்கென்று ஒரு ஏ-க்கு-சி கேபிளையும் பழைய டைப்-ஏ சார்ஜரையும் வைத்துக்கொள்வது. பற்றவைக்கத் தெரிந்தவர்கள் போர்டில் சிசி தொடுமுனைகள் எட்டும் இடத்தில் இருந்தால் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைச் சேர்க்கலாம். ஏ5, பி5 என்று குறிக்கப்படும் அந்த இரண்டு சிசி தொடுமுனைகளுக்கும் தனித்தனியாக. இரண்டையும் இணைத்து ஒரே ரெசிஸ்டர் போடுவது பெரிய தவறு. சிப் உள்ள உயர்திறன் கேபிள்கள் இன்னொரு சிசி கம்பியில் தங்கள் சொந்த மின்தடையை, சுமார் 1 கிலோ ஓம், வைத்திருக்கும். இரண்டும் சேர்ந்து சார்ஜருக்கு அனலாக் ஹெட்போன் போலத் தோன்றும், மின்சாரம் வராது. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினியின் முதல் போர்டுகளில் இதே பிழை இருந்தது.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. ஏ-க்கு-சி கேபிளில் 56 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்க வேண்டும். அது போனிடம் "எதிரே இருப்பது பழைய துளை, அளவோடு எடு" என்று சொல்கிறது. மலிவான சில கேபிள்களில் 10 கிலோ ஓம் போட்டிருந்தார்கள். அது "3 ஆம்பியர் வரை எடுக்கலாம்" என்ற பொய். போன் நம்பி இழுக்கும், பழைய சார்ஜரோ கணினியின் துளையோ சூடாகும். கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015இல் இத்தகைய கேபிள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து வெளிப்படையாக எழுதியதால்தான் இந்த விஷயம் பரவலாகத் தெரியவந்தது. மைக்ரோவிலிருந்து டைப்-சிக்கு மாற்றும் விரல்நுனி அளவு அடாப்டர்களுக்கும் இதே விதி. டைப்-சி தொடுமுனைகளை வெளியே காட்டும் சோதனை போர்டு கிடைக்கிறது. கேபிளின் சி முனையை அதில் செருகி, மறுமுனையை எதிலும் மாட்டாமல், 5 வோல்ட் கம்பிக்கும் சிசிக்கும் நடுவே அளந்தால் 56 கிலோ ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும்.

பழைய ஓடிஜி கேபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு ஏமாற்றம். பென்டிரைவ் செருகும் மைக்ரோ ஓடிஜி கேபிளின் முனையில் மைக்ரோ-சி அடாப்டரை மாட்டி டைப்-சி போனில் செருகினால் எதுவும் நடக்காது. மைக்ரோவில் நான்காவது பின் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால் போன் தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். டைப்-சியில் அந்தப் பின்னே இல்லை. மாறாக அடாப்டரில் உள்ள ரெசிஸ்டர் "எதிரே சார்ஜர் வந்திருக்கிறது" என்று போனிடம் சொல்கிறது. இருபக்கமும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நிற்பார்கள். டைப்-சி முனையும் டைப்-ஏ துளையும் கொண்ட ஓடிஜி அடாப்டரைத் தனியாக வாங்குவதே வழி. அதில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கை மாட்டினால் கிர்ரென்று சுற்ற முயன்று நின்றுவிடலாம். போன் தரும் மின்சாரம் அதற்குப் போதவில்லை, தனி மின்சாரம் உள்ள ஹப் தேவை.

லைட்னிங் கருவிகளை டைப்-சி ஐபோனில் பயன்படுத்த விரும்புவோர் ஆப்பிளின் அடாப்டருக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சார்ஜ், டேட்டா, ஒலி மூன்றும் கடக்கும் என்று ஆப்பிள் சொல்கிறது. பெயரில்லாத அடாப்டர்கள் பல சார்ஜை மட்டும் கடத்தும். லைட்னிங் மைக் அதில் உயிர்பெறாவிட்டால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள்.

சார்ஜ் ஏன் மெதுவாகிறது

பழைய சார்ஜர்கள் தங்கள் திறனை டேட்டா கம்பிகளின் வோல்ட்டேஜ் மூலம் சொல்லின. ஆப்பிளின் பழைய 5 வாட் சார்ஜரில் ஒரு கம்பியில் 2 வோல்ட், மற்றதில் ஏறத்தாழ 2.7 வோல்ட். 10 வாட் சார்ஜரில் அவை இடம் மாறியிருக்கும். ஐபோனுக்கென்று செய்த பழைய டாக்குகளிலும் கார் சார்ஜர்களிலும் இதே ஏற்பாடு. வேறு போன் அதைப் புரிந்துகொள்ளாமல் 0.5 ஆம்பியரோடு நின்றுவிடலாம். வேகச் சார்ஜ் முறையான க்விக் சார்ஜ் இன்னொரு மொழி, ஒப்போவின் வூக் போன்றவை வேறொரு மொழி. வூக்கில் சார்ஜர், கேபிள், போன் மூன்றும் அதே குடும்பமாக இருந்தாக வேண்டும். டைப்-சி காலத்தின் பொது மொழி பவர் டெலிவரி. இரண்டு பக்கமும் பொது மொழி இல்லாதபோது 5 வோல்ட்டில் மெதுவாக ஏறும். அதனால் போனுக்குக் கெடுதல் இல்லை, நேரம்தான் ஆகும்.

மொழி சரியாக இருந்தும் மெதுவாக ஏறினால் கேபிளின் கம்பித் தடிமனைச் சந்தேகியுங்கள். உறையில் 28 அல்லது 24 ஏடபிள்யூஜி என்று அச்சாகியிருக்கும். எண் குறையக் குறையக் கம்பி தடிமன். 28 எண் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம். போகவும் வரவும் சேர்த்து ஒரு மீட்டர் கேபிளில் 0.43 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் கேபிளிலேயே காணாமல் போகிறது, போனுக்கு எட்டுவது 4.15 வோல்ட். போன் உடனே இழுப்பைக் குறைத்துவிடும். 24 எண் கம்பியில் இழப்பு 0.34 வோல்ட்தான். பழைய மெல்லிய மைக்ரோ கேபிளின் முனையில் அடாப்டரை மாட்டிப் புதிய போனைச் சார்ஜ் செய்வது இதனால்தான் இழுத்தடிக்கிறது. கேபிளையே மாற்றிவிடுங்கள்.

டைப்-சி கேபிள்களில் சிப் இல்லாதவை 3 ஆம்பியர் வரை, அதாவது 60 வாட். அதற்கு மேல் 5 ஆம்பியருக்கு அடையாளச் சிப் வேண்டும். வேகமாகச் சார்ஜ் ஆகும் கேபிள் வேகமாகக் கோப்பு கடத்தும் என்று எண்ண வேண்டாம். போனோடு வரும் கேபிள்கள் பல யுஎஸ்பி 2, அதாவது நொடிக்கு 480 மெகாபிட் உச்சம். ஐபோன் 15இன் துளையே அந்த வேகம்தான், 15 புரோவின் 10 கிகாபிட் வேகத்துக்குத் தனிக் கேபிள் வாங்க வேண்டும்.

டிவியில் படம் பார்ப்பவர்களுக்கு

சுருக்கமாகச் சொல்கிறேன். போனின் மைக்ரோ யுஎஸ்பி துளையிலிருந்து டிவிக்குப் படம் அனுப்பிய எம்எச்எல் அடாப்டர் டைப்-சி போனில் எந்த இடைமாற்றி போட்டாலும் படம் தராது. சாம்சங் 2012இல் கேலக்ஸி எஸ்3இல் 11 பின் எம்எச்எல் கொண்டுவந்ததால் அந்த அடாப்டர்களே தங்களுக்குள் பொருந்தவில்லை. டைப்-சியில் படம் வர டிஸ்ப்ளேபோர்ட் வசதி போனில் இருக்க வேண்டும். ஐபோன் 15 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் மாடலின் விவரப் பக்கத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். குறைந்த விலை போன்கள் பலவற்றில் இல்லை. இல்லாத போனுக்கு வைஃபை வழியாகத் திரையை அனுப்புவதே நடைமுறை வழி.

கார்

பழைய காரின் டைப்-ஏ துளையில் பாட்டோ வழிகாட்டியோ ஓட வேண்டுமென்றால் கேபிளில் டேட்டா கம்பிகள் இருந்தாக வேண்டும். சார்ஜுக்கு மட்டுமான கேபிளை அறிய, கணினியில் மாட்டிப் போனின் கோப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தக் கேபிளில் ஒரு வண்ண நூல் கட்டி, சார்ஜருக்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். காரின் துளை 0.5 ஆம்பியர் தருவதாக இருந்தால் வழிகாட்டி ஓடும்போது சார்ஜ் இறங்கிக்கொண்டே போகும். டேட்டாவை அந்தத் துளையிலும், சார்ஜை வயர்லெஸ் தாங்கியிலும் பிரித்துக் கொடுத்தால் தீரும். 30 பின் முனை உள்ள கார் கிட்டில் ஆக்ஸ் கம்பியும் இருந்தால் மேலே சொன்ன ப்ளூடூத் ரிசீவரே போதும், அங்கேயும் இரைச்சல் வந்தால் அதே ஐசோலேட்டர்.

தூக்கிப் போடுவதற்கு முன் இதையும் பாருங்கள்

அடாப்டர் ஆடுகிறது, இணைப்பு விட்டுவிட்டு வருகிறது என்றால் பல நேரம் குற்றவாளி போனின் துளைக்குள் அமுங்கிய துணிப் பஞ்சு. சட்டைப்பையில் சேர்ந்த பஞ்சை ஒவ்வொரு முறை செருகும்போதும் முனை உள்ளே தள்ளி இறுக்குகிறது. சரியாக இருக்கும்போது டைப்-சி முனை போனின் உடலோடு ஒட்டி நிற்கும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் உள்ளே பஞ்சு இருக்கிறது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியின் நுனியை மெல்லச் சீவி, சுவரோரமாகச் சுரண்டி எடுங்கள். டைப்-சியில் நடுவில் நாக்கு போல ஒரு தகடு இருக்கும், தொடுமுனைகள் எல்லாம் அதன் இருபுறமும்தான். அதை நெம்பக் கூடாது. ஊசி, பின், கத்தி முனை எதுவும் வேண்டாம். உலோகம் இரண்டு தொடுமுனைகளை இணைத்துவிட்டால் சார்ஜ் சிப்பே போகலாம். பஞ்சு வந்தபின் அதே பழைய கேபிளை மீண்டும் செருகிப் பாருங்கள். க்ளிக் என்று உட்கார்ந்தால் புதிய கேபிள் வாங்கத் தேவையில்லை.